உளுத்த மாமரமும் ஒரு குங்குமச் சிமிழும்

அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் நான் கடைந்து கொடுத்த குங்குமச் சிமிழ். அதன் காலடியில் கோலமாவு சிந்தியதுபோல ஒரு சிறு வெள்ளைக் குவியல். "தம்பி, இரண்டு முறை துடைத்துவிட்டேன். மறுபடியும் விழுகிறது. என்ன இது?" என்று கேட்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று கை வார்னிஷ் பூசிப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த பக்கத்தில், குண்டூசித் தலை அளவில் நான்கு புதிய ஓட்டைகள். வார்னிஷைத் துளைத்துக்கொண்டு உள்ளிருந்து வண்டு வெளியே வந்திருந்தது.

அடுத்த ஆண்டு அதே அலமாரியின் ரப்பர் மரச் சட்டத்திலும் தூள் கொட்டியது. கீழ்த்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் மனம் ஆறவில்லை. பூச்சி அரித்த மரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். உளுத்த மரத்தில் கை வைக்கும் யாருக்கும் உதவட்டும் என்று, கற்றதை எழுதுகிறேன்.

சிமிழுக்கான மாமரம் எங்கள் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் நின்றது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், உள்நாடு வரைக்கும் வந்து எங்கள் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் மாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. ஊர் முழுக்க மரம் கிடந்ததால் விலை கேட்கவும் ஆளில்லை. அம்மாச்சியின் மாமரத்தை மூன்று துண்டாக அறுத்து, பட்டையை உரிக்காமலேயே மாட்டுக்கொட்டகை ஓரம் உருட்டிவிட்டோம். ஓராண்டு மழையும் வெயிலும் அதன்மேல் போயின.

2019 இறுதியில் அறுவை மில்லில் ஒரு துண்டைப் பிளந்தபோது மில்காரரே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வெளிர் மஞ்சள் பலகையில் மையால் இழுத்ததுபோல மெல்லிய கருங்கோடுகள் வளைந்து நெளிந்து ஓடின. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் மரம் வெளுத்திருந்தது, அந்தப் பக்கம் தேன் நிறம். ஸ்பால்டிங் என்று இதைச் சொல்கிறார்கள். பூஞ்சைகள் மரத்துக்குள் பரவும்போது, வேறொரு பூஞ்சையின் எல்லை வந்தால் தன் இடத்தைக் காத்துக்கொள்ள மெலனின் கலந்த கரிய சுவர் ஒன்றை எழுப்புகின்றன. பலகையில் நமக்குக் கோடாகத் தெரிவது அந்தச் சுவரின் குறுக்குவெட்டு. வெளுத்த இடம், மரத்துக்கு நிறமும் உறுதியும் தரும் லிக்னினைப் பூஞ்சை தின்று தீர்த்த இடம். ஆக, கண்ணைக் கவரும் அழகும் மரத்தின் பலவீனமும் ஒரே காரணத்தால் வருகின்றன. இந்த வேலையின் எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பூஞ்சை வந்த வழியிலேயே பூச்சியும் வந்திருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பழைய ஓட்டை என்று நினைத்தேன். நல்ல துண்டாகத் தேர்ந்தெடுத்து, உடனே கடைசல் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சிமிழாகக் கடைந்து, வார்னிஷ் பூசிக் கொடுத்துவிட்டேன்.

தூள் விழுந்த சிமிழை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஆசாரியிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். சிமிழைக் காதருகே வைத்துத் தட்டினார், கவிழ்த்தார், உள்ளங்கையில் விழுந்த தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மாவு மாதிரி இருக்கிறது பார். இது உயிரோடு இருக்கிற வண்டு. நீ வீட்டைப் பூட்டினாய் தம்பி, திருடன் உள்ளே இருக்கிறானா என்று பார்க்கவில்லை" என்றார்.

பிறகு என் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி எனக்கு ஓட்டைகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் கையால் காட்டியதோடு நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓட்டை மிகச் சிறியதாக, உட்சுவர் கறுத்து, தூளே இல்லாமல் இருந்தால், மரம் பச்சையாக இருந்தபோது வந்த வண்டு அது. தன்னோடு பூஞ்சையைக் கொண்டுவந்து சுரங்கச் சுவரில் வளர்த்துத் தின்பது. மரம் காய்ந்தால் அதற்கு வாழ்வில்லை. அந்த ஓட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம். விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம் இருந்தால் அது மாமரத் தண்டுத் துளைப்பானின் புழு போன வழி. உயிருள்ள மரத்தைத் தாக்குவது அது. அறுத்துக் காய்ந்த பலகையில் புதிதாக வந்து குடியேறாது. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஓட்டையும், முகப்பவுடர்போல வழுவழுப்பான தூளும் இருந்தால் எச்சரிக்கை. அதுதான் லிக்டஸ் என்னும் தூள்வண்டு. காய்ந்த மரத்தில்தான் அது வாழும். அதைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை போடும் சைனாக்சிலான் வகையும் நம் பக்கத்தில் உண்டு. பட்டை உரிக்காத மாங்கட்டையை நாடி வருவதில் அதற்கு இணையில்லை.

இந்த இரண்டு வகைக்கும் மரத்தின் மாவுச்சத்துதான் உணவு. அதனால் வைரம் பாய்ந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு வெளிப்புற வெள்ளைப் பகுதியை அரிக்கும். மாமரம் பெரும்பாலும் வெள்ளைதான், மாவுச்சத்தும் நிறைய. மூங்கிலை வெட்டியதும் குளத்தில் ஊறப்போடும் நம் வழக்கத்தின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீரில் ஊறி மாவுச்சத்து குறைந்து போனால் வண்டுக்கு அங்கே சோறு இல்லை. கஜா சாய்த்த மரத்தை அன்றே பட்டை உரித்திருந்தால் பாதி வண்டு வந்திருக்காது. அதை அப்போது சொல்ல யாருமில்லை, கேட்கும் நிலையில் நாங்களும் இல்லை. தலைக்கு மேல் கூரையில்லாத நாட்கள் அவை.

பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஆசாரி சொன்ன வழி எளியது. பலகையின் எல்லாத் தூளையும் தட்டி, பழைய ஓட்டைகளைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டமிட வேண்டும். கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் பலகையை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். வட்டமில்லாத புதிய ஓட்டையோ, தாளில் வெண்தூளோ தென்பட்டால் ஆள் உள்ளே இருக்கிறது. ஆனால் ஒன்றும் தென்படாவிட்டால் ஆள் இல்லை என்று பொருளாகாது. புழு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும், வண்டாக மாறிய பிறகே வெளியே வரும். அதனால் நான் இப்போது சந்தேகத்துக்கு இடமிருக்கும் ஒவ்வொரு துண்டையும் உயிருள்ளதாகவே கருதுகிறேன்.

கொல்வதற்கு நான் நம்புவது வெப்பத்தை. ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளை, மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸை எட்டி 30 நிமிடம் நிற்கும்வரை சூடாக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பெட்டிகளில் ஐபிபிசி என்ற முத்திரைக்குப் பக்கத்தில், வெப்பமூட்டியது என்பதற்கு அடையாளமாக எச்டி என்று பொறித்திருப்பார்கள். நடுப்பகுதி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வெளியே காற்று 60 பாகை இருந்தாலும் ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள கட்டையின் நடுவே அந்தச் சூடு போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும்.

என்னிடம் பெரிய அடுப்பு இல்லை. தகரப்பெட்டி ஒன்றின் உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே பழைய சன்னல் கண்ணாடியை வைத்து, 2021 மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வைத்தேன். சரிபார்ப்பதற்காக ஒரு வீணான கட்டையின் நடுவரை துளையிட்டு வெப்பமானியைச் செருகி, அதையும் மற்றவற்றோடு வைத்தேன். முதல் நாள் 51ஐத் தாண்டவில்லை. பெட்டியைச் சுற்றி வைக்கோலைத் திணித்த பிறகு, இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு 60 காட்டியது. அதை இரண்டு மணி நேரம் பிடித்துவைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து செய்தேன். அக்னி நட்சத்திர வெயிலை அந்த ஆண்டுதான் முதன்முதலாக நான் விரும்பி வரவேற்றேன். சிறு துண்டுகளுக்கு மின்சார ஓவன் போதும். ஆனால் சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனை இதற்குத் தொடவே கூடாது.

பூச்சியைத் தடுக்கும் வெங்காரக் (போராக்ஸ்) கரைசலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 60 கிராம் வெங்காரம், 40 கிராம் போரிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீர் என்று நான் கலக்குவேன். கேரம் பலகையில் தூவும் பவுடராகப் பெரும்பாலும் விற்பது இந்தப் போரிக் அமிலம்தான். ரப்பர் மரத்தை இந்த இரண்டின் கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்துத்தான் தொழிற்சாலைகள் நாற்காலி செய்யத் தருகின்றன. ஆனால் இது ஈரமான மரத்துக்குள்தான் நன்றாகப் பரவும். காய்ந்த பலகையின்மேல் தூரிகையால் பூசினால் தோலோடு நின்றுவிடும், ஆழத்திலிருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. எனவே புதிதாக அறுத்த ஈரப்பலகைக்கு வெங்காரம் காவல், ஏற்கெனவே உளுத்த காய்ந்த கட்டைக்கு வெப்பமே மருந்து. இது வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள் என்பதால் கரண்டி, தட்டு, குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மை, பம்பரம் எதற்கும் நான் வெங்காரம் போட்ட மரத்தை எடுப்பதில்லை. சிமிழுக்கும் எடுக்கவில்லை.

அடுத்தது ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சை வளர்வதை நிறுத்திவிடும். சாகாது, தூங்கும். மறுபடி நனைந்தால் விழித்துக்கொள்ளும். ஈரமானி இல்லாதவர்களுக்குச் சமையலறைத் தராசு போதும். என் சிமிழ்க் கட்டை ஒன்று முதலில் 412 கிராம் இருந்தது. ஓவனில் 104 பாகையில் வைத்து நாள்தோறும் எடுத்து நிறுத்தேன். 361 கிராமுக்கு வந்த பிறகு அதற்கடுத்த இரண்டு நாளும் எடை மாறவில்லை. போன 51 கிராம் தண்ணீர், காய்ந்த எடையில் சுமார் 14 சதவீதம். கொல்லையில் மூன்று மாதம் நிழலில் காய்ந்து, தொட்டால் சுத்தமாக உலர்ந்ததாகத் தோன்றிய கட்டையில் இவ்வளவு ஈரம் இருந்தது. கைக்குத் தெரிவது வேறு, தராசுக்குத் தெரிவது வேறு.

இதற்குப் பிறகும், மென்மையான மரத்தை இறுக்கும் பிசினை உடனே எடுத்துவிடக் கூடாது. ஓட்டைக்குள் இருக்கும் வண்டுத்தூளை முதலில் அகற்ற வேண்டும். நான் இரண்டாவதாக வீணாக்கிய கட்டை இந்த ஒரு காரணத்தால்தான் வீணானது. தூள் நிறைந்த சுரங்கத்தில் பசையை ஊற்றினால் வாயிலுள்ள தூள் அதைக் குடித்து மூடிபோல இறுகிவிடும். உள்ளே நான்கு சென்டிமீட்டருக்கு வெறும் மாவு. கடையும்போது உளி அந்த மூடியைச் சீவியதும் மாவு கொட்டி, சுவர் உடைந்து, சிமிழின் வயிற்றில் பெரிய பள்ளம் விழுந்தது. இப்போது சாக்கூசியால் கிளறி, சைக்கிள் பம்பின் முனையில் மெல்லிய குழாயைச் செருகி ஊதி, கட்டையைக் கவிழ்த்துத் தட்டி, மறுபடி ஊதுகிறேன். அரைமணி நேரம் போகும். போகட்டும். வெளியில், காற்று வரும் பக்கமாக நின்று, என்-95 முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். அந்தத் தூளில் பூச்சியின் கழிவும் பூஞ்சையின் வித்தும் கலந்திருக்கின்றன. ஒரு நாள் துண்டைக் கட்டிக்கொண்டு செய்துவிட்டு ஒரு வாரம் இருமினேன்.

எந்தக் கட்டையைக் காப்பாற்றலாம் என்பதற்குக் கட்டைவிரல் நகமே எனக்கு அளவுகோல். நகத்தை அழுத்தினால் தடம் மட்டும் விழுகிறதா, அவலரக்கு (ஷெல்லாக்) போதும். நகம் ஒரு மில்லிமீட்டர் இறங்குகிறதா, பசையோ பிசினோ வேண்டும். விரலுக்கே ரஸ்க் மாதிரி உதிர்கிறதா, எத்தனை அழகான கோடு இருந்தாலும் அடுப்புக்குப் போகட்டும். இந்தக் கடைசி வகையில்தான் மிக நல்ல கோடுகள் இருக்கும். மனம் கேட்காது. நானும் இரண்டு மூன்று கட்டைகளைப் பரணில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எரித்தேன்.

அவலரக்கைச் சாராய வகை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து நான்கைந்து முறை குடிக்கவிட்டால், ஓரளவு உறுதியான மரத்தின் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். உப்புத்தாளுக்கு உதிராது. மலிவு, நம் நாட்டுப் பொருள், வாசனையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மெத்தென்ற மரத்தைக் கல்லாக்கும் வேலை அதனால் ஆகாது.

நீர்போன்ற விரைவுப் பசை, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் சிறு குப்பி, சின்ன இடங்களுக்கு மிகச் சிறந்தது. கடையும்போது திடீரென்று ஓர் உதிரும் இடம் வந்தால் இரண்டு சொட்டு விட்டால் போதும், இழைகளுக்கு இடையே ஓடிப்போய் இறுகிவிடும். இரண்டு எச்சரிக்கை உண்டு. மெத்தென்ற மரத்தில் நிறைய ஊற்றினால் சூடேறிப் புகை வரும், அந்தப் புகை கண்ணை எரிக்கும். பருத்தித் துணியால் துடைக்கவே கூடாது. பருத்தியில் இந்தப் பசை பட்டால் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். என் இடது உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவுத் தழும்பு இருக்கிறது. மரம் வெளுத்த நிறமாக இருந்தால் பசை பட்ட இடம் மட்டும் ஈரம்போலக் கறுத்துத் தெரியும் என்பதும் ஒரு குறை. சுற்றிலும் முதலில் அவலரக்குப் பூசிவிட்டால் அந்தக் கறை பரவாது.

எபாக்சியை நான் ஓட்டை நிரப்பவே வைத்திருக்கிறேன். கெட்டியான திரவம், மரத்துக்குள் ஆழமாக இறங்காது. அசிட்டோன் கலந்து நீர்க்கச் செய்தால் இறங்கும் என்று செய்து பார்த்தேன். இறங்கியது, ஆனால் வாரக்கணக்கில் ரப்பர்போல வளைந்துகொண்டே இருந்தது. தண்டுத் துளைப்பான் போட்ட பெரிய சுரங்கங்களை மாங்கரித்தூள் கலந்த எபாக்சியால் நிரப்பினால் அந்தக் கருமை, பூஞ்சைக் கோடுகளின் கருமையோடு ஒன்றிப்போகிறது. நீலமும் பச்சையும் மினுமினுப்பும் கலந்து ஊற்றுவது இப்போது எங்கும் காணப்படுகிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. மரத்தின் கதை மரத்தின் நிறத்திலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். சிறிய ஓட்டைகளை நான் நிரப்புவதே இல்லை. சுத்தம் செய்து திறந்தே விடுகிறேன்.

முழுக்கட்டையும் நகம் இறங்கும் அளவுக்கு மென்மையாக இருந்தால் வெற்றிடமும் பிசினும்தான் வழி. வெப்பத்தில் மட்டும் இறுகும் மெத்தாக்ரிலேட் வகைப் பிசின் இதற்கென்றே இருக்கிறது. கேக்டஸ் ஜூஸ் என்ற அமெரிக்கத் தயாரிப்பு பெயர்பெற்றது. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு குப்பி வாங்கிப் பங்கிட்டுக்கொண்டோம். ஏசி பழுதுபார்ப்பவர் பயன்படுத்தும் வெற்றிடப் பம்பை வாடகைக்கு எடுத்தேன். கனமான பாத்திரத்தின் மேல் தடித்த அக்ரிலிக் மூடி, நடுவே ரப்பர் வளையம். கட்டையைப் பிசினில் மூழ்கவைத்து, மிதக்காமல் எடை வைத்து, காற்றை உறிஞ்சினால் பொரியும் எண்ணெய்போலக் குமிழி வரும். குமிழி அடங்கும்வரை பம்பை நிறுத்தக் கூடாது. எனக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. பலர் தவறுவது இதற்கடுத்த இடத்தில். குமிழி நின்றதும் கட்டையை எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் பிசின் பெரும்பாலும் உள்ளே போவது வெற்றிடத்தைத் திறந்த பிறகுதான். வெளிக்காற்றின் அழுத்தம் அதை உள்ளே தள்ளுகிறது. பம்பு ஓடியதைப்போல இரண்டு மடங்கு நேரமாவது ஊற வேண்டும். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, ஓவனில் சுமார் 93 பாகையில் இறுகவைக்க வேண்டும்.

இதற்குக் கட்டையில் ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. நீர் இருக்கும் இடத்தில் பிசினுக்கு இடமில்லை. ஓவனில் காய்ந்த கட்டையைச் சூட்டோடு பிசினில் போடவும் கூடாது, பிசின் அங்கேயே இறுகத் தொடங்கிவிடும். காற்றுப் புகாத பையில் போட்டு ஆறவிட வேண்டும், இல்லையென்றால் நம் ஊர்க் காற்றிலிருந்து மறுபடி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். பேனாவுக்கான துண்டு ஒன்று காய்ந்தபோது 22 கிராம், இறுகிய பின் 41 கிராம். கையில் எடுத்தால் மாமரம் என்று நம்ப முடியாது. மேசையில் தட்டினால் புளியமரத்தின் சத்தம் கேட்டது.

கடைவதைப் பற்றி இரண்டு சொல்லிவிடுகிறேன். உளியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அடிக்கடி தீட்ட வேண்டும். ஒரே கட்டையில் கல்லும் பஞ்சும் அடுத்தடுத்து வருவதால் மழுங்கிய உளி பஞ்சைப் பிய்த்துவிடும், கருங்கோடுகளின் ஓரத்தில் முக்கியமாக. உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மென்மையான இடம் மட்டும் குழிந்து அலை அலையாகும். ஒரு தட்டையான மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும்.

2022 தைப்பொங்கலுக்கு முன் புதிய சிமிழ் முடிந்தது. வெயிலில் மூன்று நாள், ஓவனில் ஆறு நாள், பிசினில் ஒன்றரை நாள். வெளியே மட்டுமன்றி, குங்குமம் வைக்கும் குழியிலும் அடிப்பாகத்திலும் மூடியின் உட்புறத்திலும் பூச்சுக் கொடுத்தேன். தூள்வண்டு மரத்தின் திறந்த நுண்துளையில்தான் முட்டையிடும், அடைத்த துளையில் இடாது. முதல் சிமிழில் அடிப்பாகத்தை நான் வெறுமனே விட்டிருந்தேன். மூடிக்கு நடுவே ஒரு கருங்கோடு சரியாகப் பிறைபோல வந்து விழுந்திருந்தது. அதை நான் திட்டமிடவில்லை.

அம்மாச்சி அதைக் கையில் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தார். "கிழக்குப் பக்கக் கிளைதானே?" என்று கேட்டார். எந்தக் கிளை என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன்.

அக்கா அதைப் பழைய இடத்திலேயே, மாற்றிய புதிய தட்டில் வைத்தாள். அடியில் நான் ஒரு கறுப்புத் தாளை வெட்டி வைத்தேன். எப்போது ஊருக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் முதலில் போய்ச் சிமிழைத் தூக்கிப் பார்க்கிறேன். போன மாதமும் பார்த்தேன். தாளில் கொஞ்சம் குங்குமம் சிந்தியிருந்தது.